தேயிலைச் சத்து ஃப்ளூ வைரஸைத் தடுக்கிறதா: தட்டில் ஏமாறாமல் சோதிக்கும் முறை

பச்சைத் தேயிலை, மஞ்சள், வெங்காயம் என எதன் சாற்றை ஊற்றினாலும் ஆய்வகத் தட்டில் இன்ஃப்ளூயன்சா வைரஸ் குறைந்தது போலத் தெரியும். பல முறை அங்கே முடங்கியிருப்பது வைரஸ் அல்ல, அதை வளரவிட நாம் சேர்த்த, புரதத்தை வெட்டும் டிரிப்சின் நொதி. கடுந்தேநீர் குடித்தால் நாக்கு துவர்ப்பது ஏன்? அதிலுள்ள பாலிபீனால்கள் எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. இதே குணம் தட்டிலும் வேலை செய்யும். வைரஸின் புரதம், டிரிப்சின், சிவப்பணுவின் மேற்பரப்பு என்ற பேதம் அதற்குக் கிடையாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒட்டும் குணத்தைப் பிரித்துப் பார்ப்பதற்காகவே.

வைரஸுக்கு 1934ஆம் ஆண்டின் பிஆர்8 போன்ற பழைய ஆய்வக வகை போதும். உயிரிப் பாதுகாப்பு நிலை 2 ஆய்வகம், இரண்டாம் வகைப் பாதுகாப்புப் பெட்டி, நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு அனுமதி ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்கக் கூடாது. எச்5, எச்7 பறவைக் காய்ச்சல் வகைகளுக்கு இந்த வேலையில் இடமே இல்லை.

பொருளைத் தயாரித்தல்

டிக்காஷனில் தொடங்காதீர்கள், அதில் எது வேலை செய்தது என்று பிறகு சொல்லவே முடியாது. தூய இஜிசிஜியை வாங்குங்கள். தேயிலைப் பாலிபீனால்களான கேட்டசின்களில் இது முக்கியமானது, மூலக்கூறு எடை 458.4. 4.58 மில்லிகிராமை 0.5 மில்லி டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 20 மில்லிமோலர் கரைசல் கிடைக்கும். அதை 200 மடங்கு நீர்க்கச் செய்தால் 100 மைக்ரோமோலர், டிஎம்எஸ்ஓவும் 0.5 சதவீதத்தில் நிற்கும். அதற்கு மேல் போனால் செல்கள் வாடும். 100இலிருந்து பாதி பாதியாக 3.1 வரை ஆறு அளவுகள் எடுங்கள். எல்லாக் குழிகளிலும், மருந்தில்லாத குழியிலும்கூட, டிஎம்எஸ்ஓ ஒரே அளவில் இருக்கட்டும்.

கரைசலைச் சிறு குழாய்களில் பிரித்து −80 டிகிரியில் வையுங்கள். ஒரு முறை உருகியதைத் திரும்ப உறையவைக்க வேண்டாம். வளர்ப்பு ஊடகத்தில் இஜிசிஜி சில மணி நேரத்திலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பாகிவிடும். அப்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும். செல்லைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியை மில்லிக்கு 100 அலகு சேர்த்த இணை வரிசை ஒன்று வைத்தால் இது வெளிப்பட்டுவிடும்: கேட்டலேஸ் போட்டதும் 'வைரஸ் எதிர்ப்பு' மறைந்தால், நீங்கள் பார்த்தது பெராக்சைடின் வேலை.

முதலில் செல்லின் நலம்

வைரஸைத் தொடும் முன், நாய்ச் சிறுநீரகத்திலிருந்து வந்த எம்டிசிகே செல்களில் நச்சுத்தன்மையைப் பாருங்கள். 96 குழித் தட்டில் குழிக்குச் சுமார் 20,000 செல்கள். மறுநாள் பொருளைச் சேர்த்து, வைரஸ் சோதனை எத்தனை மணி நேரம் நடக்குமோ அத்தனை நேரம் விடுங்கள். இங்கே உயிருள்ள செல்லில் ஊதாவாகும் எம்டிடி சாயத்தை அப்படியே நம்பக் கூடாது. குவர்செட்டின், இஜிசிஜி போன்றவை செல்லே இல்லாமலும் அந்தச் சாயத்தை ஊதாவாக்கும். செத்த செல்லும் உயிருள்ளதாகத் தெரியும். சாயம் இடும் முன் பொருளைக் கழுவி எடுங்கள், செல் இல்லாத குழிகளும் வையுங்கள். நியூட்ரல் ரெட் சாயம் இன்னும் நல்லது.

செல்களில் பாதியைக் கொல்லும் அளவை, வைரஸைப் பாதியாக்கும் அளவால் வகுங்கள். விடை 10க்குக் கீழே இருந்தால் அந்தப் பொருளின் மேல் காலத்தைச் செலவிட வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பிளேக் எண்ணுதல்

பிளேக் என்பது வைரஸ் செல்களைக் கொன்ற இடத்தில் தெரியும் ஓட்டை. 12 குழித் தட்டில் இடைவெளியின்றிப் படர்ந்த செல்கள் வேண்டும். சீரத்தை இரண்டு முறை கழுவி நீக்குங்கள். அதிலுள்ள தடுப்பான்கள் டிரிப்சினையும் வைரஸையும் கெடுக்கும். குழிக்கு 30 முதல் 50 பிளேக் தரும் அளவு வைரஸை இட்டு ஒரு மணி நேரம் ஒட்டவிட்டுக் கழுவுங்கள். மேலே ஊடகத்தைக் கெட்டியாக்கும் அவிசெல் 1.2 சதவீதம், மில்லிக்கு 1 மைக்ரோகிராம் டிபிசிகே டிரிப்சின், சோதனைப் பொருள் மூன்றையும் கலந்த ஊடகத்தை ஊற்றி, தட்டை அசைக்காமல் 48 மணி நேரம் வையுங்கள். அசைந்தால் பிளேக் வால் முளைத்தது போல இழுபடும். பிறகு ஃபார்மலினில் நிலைப்படுத்தி, கிரிஸ்டல் வயலட் இட்டு எண்ணுங்கள்.

ஒப்பீட்டு மருந்தாக, ஃப்ளூ மருந்தான ஓசெல்டமிவிரின் செயல்வடிவமான ஓசெல்டமிவிர் கார்பாக்சிலேட்டை வையுங்கள். மாத்திரையில் உள்ள ஓசெல்டமிவிர் பாஸ்பேட் கல்லீரலில்தான் செயல்வடிவம் பெறும். தட்டில் அதை நம்ப முடியாது. (பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவின் ஷிகிமிக் அமிலம் இந்த மருந்துக்கு மூலப்பொருள். ஆனால் அன்னாசிப்பூவில் மருந்து கிடையாது. பல வேதிப் படிகள் தாண்டித்தான் அது உருவாகிறது.)

பிளேக் குறைந்துவிட்டதா? இன்னும் மகிழ வேண்டாம். வைரஸின் மேற்பரப்பிலுள்ள ஹீமக்ளூட்டினின் புரதத்தை டிரிப்சின் வெட்டினால்தான் புதிய வைரஸ் அடுத்த செல்லுக்குள் நுழையும். டிரிப்சின் முடங்கினாலும் பிளேக் குறையும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. வெட்டப்பட்டால் மஞ்சள் நிறம் தரும் பிஏபிஎன்ஏ என்ற பொருளை டிரிப்சினுக்குக் கொடுத்து, சோதனைப் பொருளோடும் இல்லாமலும் 405 நானோமீட்டரில் மஞ்சள் நிறம் அளவிடலாம். அதைவிட உறுதியானது 8 மணி நேர ஒற்றைச் சுற்றுச் சோதனை: ஏற்கெனவே வெட்டப்பட்ட வைரஸால் தொற்ற வைத்து, டிரிப்சினே சேர்க்காமல், வைரஸின் நியூக்ளியோபுரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியால் தொற்றிய செல்களை எண்ணுங்கள்.

எந்தக் கட்டத்தில் தடுக்கிறது?

இதே ஒற்றைச் சுற்றில் பொருளை வெவ்வேறு நேரத்தில் கொடுங்கள்: செல்லுக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்பு, வைரஸோடு சேர்த்து, தொற்றிய பின் 0–2, 2–5, 5–8 மணி நேரங்களில். வைரஸோடு முன்கூட்டியே கலப்பதாக இருந்தால், செல்லில் இடும் முன் 100 மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வைரஸ் முன்பே முடங்கியதா, செல்லின் மேல் தடைபட்டதா என்று தெரியாது.

1993இல் ஜப்பானியக் குழு ஒன்று, இஜிசிஜி வைரஸோடு நேரடியாக ஒட்டி அது செல்லைப் பற்றாமல் தடுப்பதைக் காட்டியது. 2005இல் வந்த கொரிய ஆய்வில் இஜிசிஜியும் இன்னொரு கேட்டசினான இசிஜியும் சில பத்து மைக்ரோமோலரில் வேலை செய்தன. கேலேட் தொகுதி என்ற வேதிப் பகுதி இல்லாத கேட்டசினான இஜிசிக்குப் பத்து மடங்கு அதிகம் தேவைப்பட்டது. ஆக இஜிசியையும் தட்டில் சேருங்கள். அதுவும் சம வலுவோடு வேலை செய்தால் சோதனையில் ஏதோ பிசகு.

இன்னும் இரண்டு பொறிகள்

வைரஸ் சிவப்பணுக்களை ஒட்டவைக்கிறதா என்று பார்க்கும் திரட்சிச் சோதனையில் டானின் வகைப் பாலிபீனால்கள் வைரஸ் இல்லாமலே அணுக்களை ஒட்டவைக்கும். பயறுச் சாறுகளின் லெக்டின் புரதமும் அப்படியே. பொருள், சிவப்பணு இரண்டு மட்டும் உள்ள வரிசை கட்டாயம். வைரஸின் நொதியான நியூராமினிடேஸைச் சோதிக்கும்போது, அது வெட்டி விடுவிக்கும் 4-மெத்தில்அம்பெல்லிஃபெரோனின் 450 நானோமீட்டர் ஒளிர்வை அளக்கிறோம். மஞ்சள் நிறப் பிளேவனாய்டுகளும் குர்குமினும் ஒளியை விழுங்கி, நொதி தடைபட்டது போலக் காட்டும். நொதி இல்லாமல் 4-மெத்தில்அம்பெல்லிஃபெரோனோடு பொருளைக் கலந்து ஒளிர்வு குறைகிறதா என்று பாருங்கள்.

தட்டிலிருந்து மனிதருக்கு

தேநீர் குடித்த பின் இரத்தத்தில் இஜிசிஜி பொதுவாக 1 மைக்ரோமோலருக்குக் கீழேதான். தட்டில் தேவைப்பட்டதோ பத்துக் கணக்கில். தொண்டையில் நிலைமை வேறு: தேநீரிலேயே அது நூற்றுக்கணக்கான மைக்ரோமோலர் இருக்கும். அதனால்தான் ஜப்பானின் ஷிசுவோகாவில் 757 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தேநீராலும் தண்ணீராலும் வாய் கொப்பளிக்க வைத்துப் பார்த்தார்கள். புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை.

எனவே கடைசி வரிசையில் எச்சில் சேருங்கள். வடிகட்டிய எச்சிலோடு இஜிசிஜியைப் பத்து நிமிடம் கலந்துவைத்து, பிறகு வைரஸ் இடுங்கள். எச்சிலின் மியூசின் புரதங்களே வைரஸைப் பிடிக்கும் என்பதால் எச்சில் மட்டும் உள்ள குழியும் பக்கத்தில் வேண்டும். இஜிசிஜியின் பலன் அங்கே எவ்வளவு குறைகிறதோ, அந்த எண்ணையும் முடிவு அட்டவணையில் எழுதுங்கள்.