சட்டி வாங்கப் போனால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

தனிக்குடித்தனம் வந்த புதிதில் பளபளப்பைப் பார்த்து மயங்கி ஏழு உருப்படி கொண்ட சில்வர் செட் ஒன்று வாங்கினேன். முதல் கிழமையே பால்சொதி அடிப்பிடித்தது, இரண்டாம் மாதம் ஒரு மூடியின் பிடி கழன்றது, ஏழில் நான்கு இன்றைக்கும் அலுமாரிக்கு மேலே பெட்டியோடு கிடக்கின்றன. அதனால் செட் வேண்டாம். சோற்றுக்கு ஒரு பானை, கறிக்கு ஒரு சட்டி, பொரிக்க வதக்க ஒரு தாச்சி, இந்த மூன்றையும் தடிப்பானதாக வாங்குங்கள், மிச்சத்தைத் தேவை வரும்போது பார்க்கலாம்.

சில்வர் என்று நாம் சொல்லும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டைப் பரப்புவதில் சரியான மந்தம், அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். மெல்லிய சில்வர் சட்டியில் நெருப்புப் படும் இடம் மட்டும் வட்டமாகக் கருகுவது இதனால்தான். அடியில் தடித்த அலுமினியத் தட்டு வைத்து மூடியதையோ, காசு இடம் கொடுத்தால் டிரை-பிளை என்று விற்கும் மூன்றடுக்குச் சட்டியையோ எடுங்கள்.

திருகோணமலையில் மத்திய வீதியிலோ என்.சி. வீதியிலோ கடைக்குப் போனால் வெட்கப்படாமல் சட்டியைக் கண்ணாடி மேசையில் வைத்து விளிம்பை ஒரு விரலால் அழுத்துங்கள். ஆடினால் அடி சமமில்லை, காஸ் அடுப்பிலும் ஆடும். ஒரே அளவில் இரண்டு இருந்தால் இரண்டு கையிலும் தூக்கிப் பாருங்கள், கனமானதுதான் உங்களுடையது. பிடி ஆணி அடித்து இறுக்கியதா, ஒரு புள்ளியில் ஒட்ட வைத்ததா என்றும் பாருங்கள், ஒட்டு விடுவது எப்போதும் கறி கொதிக்கும் நேரத்தில்தான்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சில்வர் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். முழுதாக நம்ப வேண்டாம், நிக்கல் குறைந்த 201 வகையிலும் காந்தம் ஒட்டாது. சட்டியைக் கவிழ்த்து அடியில் 18/8 அல்லது 304 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல் என்று அர்த்தம். உப்புக்காற்று அடிக்கிற நம்ம ஊரில் மலிவு சில்வரில் துருப்புள்ளி வர அதிக நாள் எடுக்காது. அப்புறம், நல்ல சில்வரிலும் பச்சைத் தண்ணீரில் உப்பைக் கொட்டி வைக்காதீர்கள், அடியில் ஊசி குத்தியது போல் பள்ளம் விழும். தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள்.

மீன் குழம்புக்கு மண்சட்டிதான், இதில் எனக்கு விவாதமே இல்லை. மொத்தத்தில் விலையும் குறைவு. விரல் மொட்டியால் தட்டிப் பாருங்கள், மணி மாதிரிக் கணீரென்றால் எடுங்கள், டொக்கென்று கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு இரவு தண்ணீரில் ஊற வைத்து, மறுநாள் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி மெல்லிய நெருப்பில் கொதிக்க விட்டுப் பிறகு சமையுங்கள். அலுமினியச் சட்டி தண்ணீர் காய்ச்சவும் மரக்கறி அவிக்கவும் சரி, புளியும் தேசிக்காயும் விடுகிற கறிக்கு வேண்டாம், உலோகம் கரைந்து கறியில் இறங்கும்.

நான்ஸ்டிக்குக்குப் பெரிய காசு கொட்டாதீர்கள். எவ்வளவு கொடுத்தாலும் பூச்சு ஒருநாள் போகத்தான் போகிறது. முட்டை பொரிக்க ஒரு சின்னது போதும், மர அகப்பை பாவியுங்கள், வெறுமனே அடுப்பில் காய விடாதீர்கள், 260 பாகை தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும்.

தோசைக்கல் மட்டும் புதிதாக வாங்குமுன் அம்மாவின் குசினியில் தேடிப் பாருங்கள். என்னுடையது அப்படிக் கிடைத்ததுதான், செம்மண் நிறத்தில் துரு ஏறியிருந்தது. கல்லுப்பும் கொஞ்சம் எண்ணெயும் போட்டுத் தும்பால் தேய்த்து, கழுவிக் காய வைத்து, மெல்லிதாக எண்ணெய் தடவிப் புகை வரும்வரை சூடாக்கினேன். நாலைந்து தடவை இப்படிச் செய்ததும் கறுத்து மினுங்கியது. இப்போது கழுவியதும் அடுப்பில் ஈரம் வற்ற வைத்து ஒரு துளி எண்ணெய் தடவி வைக்கிறேன், மறந்துவிட்டால் கடற்காற்றுக்கு விடியும்போது துரு வந்திருக்கும்.