டிவிசிபிள், அன்டிவைடட், டிவிடெண்ட்: பிரிபடுவதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களைப் பிழையில்லாமல் படிக்க

அடுக்குமாடி வீட்டுப் பத்திரத்தில் 'அன்டிவைடட் ஷேர்' என்று இருப்பதைப் 'பிரிக்க முடியாத பங்கு' என்று பலர் தமிழாக்குகிறார்கள். தவறு. அகராதியைப் புரட்டுமுன் சொல்லின் வாலைப் பாருங்கள். 'எட்' என்று முடிந்தால், பிரித்தாயிற்றா இல்லையா என்று சொல்கிறது. 'இபிள்', 'அபிள்' என்று முடிந்தால், பிரிக்க முடியுமா முடியாதா என்று சொல்கிறது. அன்டிவைடட் என்றால் பிரிக்கப்படாதது. இன்டிவிசிபிள் என்றால் பிரிக்கவே முடியாதது.

பத்திரம் எழுதுவோர் 'பிரிபடாத பாகம்' என்கிறார்களே, அதுதான் சரியான சொல். மனை 4,800 சதுர அடி, கட்டடத்தின் மொத்தப் பரப்பு 9,600, உங்கள் வீடு 1,000 என்று வையுங்கள். 4,800-ஐ 1,000-ஆல் பெருக்கி 9,600-ஆல் வகுத்தால் 500 சதுர அடி. அவ்வளவு நிலம் உங்களுடையது, ஆனால் எந்த மூலை என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. அளவு தெரியும், எல்லை இல்லை. 'முடியாத' என்று எழுதினால் இந்தப் பொருள் அடிபட்டுப் போகிறது.

வால் விதிக்கு ஒரு விலக்கு, 'இம்பார்ட்டிபிள்'. பழைய ஜமீன் வழக்குகளில் இதைப் பார்க்கலாம்; 1863-ல் லண்டனில் இருந்த அன்றைய மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்த சிவகங்கை ஜமீன் வழக்கு அவற்றில் ஒன்று. 1904-ல் சென்னை மாகாணத்தில் இதற்கென்றே தனிச் சட்டமும் வந்தது. நிலத்தை அளந்து பிரிக்க எந்தத் தடங்கலும் இல்லை. சட்டமும் வழக்கமும்தான் விடவில்லை, சொத்து ஒரே வாரிசுக்குப் போகும். ஆகவே 'பாகம் பிரிக்கக் கூடாத' என்று எழுதுங்கள். பிரிக்காத, பிரிக்க முடியாத, பிரிக்கக் கூடாத: தமிழில் மூன்றுக்கும் தனித்தனி வடிவம் இருக்கும்போது ஒன்றையே எல்லாவற்றுக்கும் போடுவது நியாயமில்லை. இதையே 'இம்பார்ஷியல்' என்று படித்துவிட்டால் 'நடுநிலையான' என்று வேறெங்கோ போய்விடும்.

கணக்கில் டிவிசிபிள் இன்னும் கறாரானது. 13-ஐ 4-ஆல் வகுத்தால் 3.25 வரும், ஆனாலும் 13 டிவிசிபிள் ஆகாது. ஈவு முழு எண்ணாக வந்து மீதி பூச்சியமானால்தான் 'வகுபடும்'. 'பை' என்ற சொல்லுக்குப் பின்னால் எந்த எண் வருகிறதோ அதோடு 'ஆல்' சேருங்கள். '12 டிவிசிபிள் பை 4' என்றால் 12 என்பது 4-ஆல் வகுபடும். வரிசையைப் பார்த்து எழுதும் பிள்ளைகள் '4, 12-ஆல் வகுபடும்' என்று திருப்பிப் போட்டுவிடுவதுண்டு.

'இன்டூ' இன்னும் வழுக்கும். நம் வகுப்பறையில் '8 இன்டூ 56' என்றால் பெருக்கல், விடை 448. இங்கிலாந்துப் பாடநூலில் அதே சொல் வகுத்தலைக் குறிக்கும்: 56-இல் 8 எத்தனை முறை போகும் என்று கேட்கிறது, விடை 7. நூல் எங்கே அச்சானது என்று பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடுங்கள்.

டிவிடெண்டில் நம் சொல்லே காலை வாரும். லத்தீனில் அதன் பொருள் 'பிரிக்கப்பட வேண்டியது'. கணக்கில் அது வகுபடு எண். நிறுவனத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் லாபம், அதாவது ஈவுத்தொகை. ஆனால் தமிழ்க் கணக்கில் ஈவு என்பது வகுத்து வந்த விடை, ஆங்கிலத்தில் 'கோஷண்ட்'. ஈவுத்தொகையை நினைத்து டிவிடெண்டை ஈவு என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

கலந்து கிடப்பதைத் தனித்தனியாக எடுக்க முடிந்தால் 'செபரபிள்'. மணலும் இரும்புத்தூளும் அப்படி. ஒப்பந்தத்தில் வரும் 'செவரபிள்' வேறு: ஒரு நிபந்தனை செல்லாமல் போனாலும் மற்றவை செல்லும் என்பது பொருள். அந்த நிபந்தனையைப் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். அது தன்னளவில் நின்று, செய்துகொண்ட ஏற்பாடும் மாறாமல் இருந்தால் அந்த நிபந்தனை செவரபிள்.