கையுறை யாருடையது? ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் ரிசீவர்கள் சறுக்கிய இடங்கள்

2014 நவம்பர் 23. நியூயார்க் ஜயன்ட்ஸுக்கும் டாலஸ் கவ்பாய்ஸுக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். ஓடெல் பெக்கம் ஜூனியர் என்ற புதுமுகம் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்துகொண்டே வலது கையின் இரண்டு மூன்று விரல்களால் பந்தைப் பிடித்து டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) போட்டார். அந்தப் படத்தில் ரசிகர்கள் பார்த்தது விரல்களை. விளம்பரம் பார்ப்பவர்கள் பார்த்தது விரல்களை மூடியிருந்த கையுறையை.

அமெரிக்கக் கால்பந்தில் ரிசீவரின் வேலை ஓடிப்போய் பந்தைப் பிடிப்பது. மற்ற ஆட்டக்காரர்கள் குவியலில் மறைந்துபோவார்கள். இவர் மட்டும் தனியாக, வெட்ட வெளியில், கையும் காலும் தெரிய நிற்பார். கையுறை, காலணி விற்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? அங்கேதான் பணம், அங்கேதான் தவறுகளும். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்களும் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்கலாம் என்று ஆகிவிட்டதால், மீசை சரியாக முளைக்காத பையன்கள்கூட இப்போது இந்தக் காகிதங்களில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

தலைப்புச் செய்தித் தொகையை நம்புவது

2018 ஆகஸ்டில் ஜயன்ட்ஸ் அணியுடன் பெக்கம் ஐந்தாண்டு ஒப்பந்த நீட்டிப்பு போட்டார். மதிப்பு ஏறத்தாழ 9 கோடி டாலர். கையெழுத்துப் போட்ட நாளிலேயே முழு உத்தரவாதம் இருந்தது சுமார் 4.1 கோடிக்குத்தான். 2019 மார்ச்சில் அவரை கிளீவ்லண்ட் அணிக்கு மாற்றிவிட்டார்கள். இந்த லீகில், அதாவது என்எஃப்எல் என்ற தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து லீகில், ஒப்பந்தத்தின் மொத்தத் தொகை ஒரு ஆசை. உத்தரவாதத் தொகைதான் பணம். ஸ்பான்சர் ஒப்பந்தத்தையும் அப்படியே படிக்க வேண்டும்: அடிப்படைத் தொகை எவ்வளவு, போனஸ் எவ்வளவு, எதற்காக எவ்வளவு குறைப்பார்கள்?

ஏஜென்ட் கமிஷனிலும் ஒரு பொறி. அணிச் சம்பளத்தில் ஏஜென்ட் 3 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று ஆட்டக்காரர் சங்கம் வரம்பு வைத்திருக்கிறது. விளம்பரப் பணத்துக்கு அந்த வரம்பு பொருந்தாது; அங்கே 15, 20 சதவீதம் கேட்பது சகஜம். ஒரே ஆள்தானே, ஒரே கமிஷன்தானே என்று நினைத்தால் போச்சு.

உடம்பு தன்னுடையது என்று நினைப்பது

எனக்குத் தெரிந்தவரை பெரிய தவறு இதுதான். மைதானத்தில் ஆட்டக்காரரின் உடம்பில் எந்த இடத்தில் எந்தப் பெயர் தெரியலாம் என்பதை லீக் ஏற்கெனவே விற்றுவிட்டது. உடை ஒருவருக்கு, பானம் இன்னொருவருக்கு. தனி ஒப்பந்தம் போடும் ஆட்டக்காரர், ஏற்கெனவே வாடகைக்குப் போன வீட்டில் ஒரு சுவரை இன்னொருவருக்கு வாடகைக்கு விடுகிறார். லீகின் அனுமதி பெறாத நிறுவனத்தின் கையுறையைப் போட்டு விளையாடினால் லோகோவை மறைக்க வேண்டும். மறைத்த லோகோவுக்கு எந்த நிறுவனம் முழுப்பணம் கொடுக்கும்?

பிரையன் அர்லாக்கர் ரிசீவர் இல்லை, தடுப்பாட்டக்காரர். ஆனாலும் அவர் கதை இங்கே உதவும். லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்கு முன், 2007இல், பத்திரிகையாளர்களைச் சந்தித்த நாளில் வைட்டமின்வாட்டர் தொப்பி போட்டிருந்தார். லீகின் பானமோ கேட்டரேட். அபராதம் 1 லட்சம் டாலர். ஒரு தொப்பிக்கு!

பெக்கமும் 2019 செப்டம்பரில், சீசனின் முதல் ஆட்டத்திலேயே, ரிச்சர்ட் மில் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு ஆடினார். அதன் விலை லட்சம் டாலருக்கும் மேல். கடினமான பொருள் எதையும் அணிந்து ஆடக் கூடாது என்று லீக் விதியைக் காட்டியது. இலவச விளம்பரம் என்னவோ அந்தக் கடிகாரத்துக்குத்தான்.

பெயரையும் கவனிக்க வேண்டும்

சின்சினாட்டி பெங்கால்ஸ் ரிசீவர் சாட் ஜான்சனின் சட்டை எண் 85. 2008இல் சட்டப்படியே பெயரை ஒச்சோசின்கோ என்று மாற்றிக்கொண்டார். ஸ்பானிஷில் எட்டு, ஐந்து. (85க்கு ஸ்பானிஷ் சொல் அது இல்லை, ஆனால் யார் கேட்டார்கள்.) சட்டையில் புதுப் பெயர் ஏற அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது சட்டை விற்றது ரீபாக். ஜான்சன் என்று அச்சடித்துக் கடைகளில் தேங்கிய சட்டைகளுக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. அரசாங்கம் ஒத்துக்கொண்ட பெயரை கிடங்கு ஒத்துக்கொள்ளவில்லை.

2010இல் அவர் பெயரில் ஒரு காலை உணவு சீரியல் வந்தது. வருமானத்தில் ஒரு பங்கு குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனத்துக்கு என்பதால் அதன் தொலைபேசி எண்ணையும் பெட்டியில் போட்டார்கள். 888 என்று தொடங்க வேண்டிய எண் 800 என்று அச்சாகி, அழைத்தவர்களை ஆபாசப் பேச்சு சேவைக்குக் கொண்டுபோய்விட்டது. பெட்டிகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். தவறு அச்சகத்தில் நடந்தது, செய்தியில் வந்தது ஒச்சோசின்கோவின் பெயர். உங்கள் பெயர் ஏறும் பொருளை அச்சுக்குப் போகுமுன் பார்க்கும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். வாங்கியபின் உண்மையிலேயே பாருங்கள்.

தீர்ப்பு வரும்வரை காத்திருப்பார்கள் என்று நம்புவது

ரிசீவர் ஆன்டோனியோ பிரவுன் 2010 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 195ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். 2013 முதல் 2018 வரை ஆறு சீசனிலும் தலா நூறு பந்துக்கு மேல் பிடித்தார். 2017 ஜனவரியில் பிளேஆஃப் வெற்றிக்குப் பிறகு பிட்ஸ்பர்க் உடைமாற்றும் அறையிலிருந்து ஃபேஸ்புக்கில் நேரலை போட்டார். பயிற்சியாளர் அடுத்த எதிரணியைத் திட்டியது ஊருக்கே கேட்டது. வீடியோ போடுவதற்காக ஃபேஸ்புக் அவருக்குப் பணம் கொடுத்துவந்தது பிறகு செய்தியானது. ஒரு முதலாளிக்காகச் செய்த வேலைக்கு இன்னொரு முதலாளி அபராதம் போட்டார்.

2019 செப்டம்பர் 10 அன்று பாலியல் வன்கொடுமை குற்றச்சாட்டுடன் அவர் மீது சிவில் வழக்கு வந்தது, அவர் மறுத்தார். பத்தே நாளுக்குள் அவர் தங்கள் ஆட்டக்காரர் இல்லை என்று நைக்கி சொல்லிவிட்டது. ஹெல்மெட் நிறுவனமும் உறவை முறித்தது, அப்போது அவர் இருந்த நியூ இங்கிலாந்து அணியும் விடுவித்தது. இந்த ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும் நடத்தைப் பிரிவுக்கு நீதிமன்றத் தீர்ப்பு தேவை இல்லை. பிராண்டின் பெயர் கெடுகிறது என்று நிறுவனம் கருதினாலே போதும் என்றுகூட எழுதியிருப்பார்கள். 'கருதினால்' என்ற சொல்லை வக்கீலை விட்டு மாற்றச் சொல்ல வேண்டிய நேரம், கையெழுத்துக்கு முன்புதான்.

'ஈடுகட்டும் உரிமை'

இது பலர் கண்ணில் படாத வரி. ஒப்பந்தம் முடியும்போது போட்டி நிறுவனம் கொடுக்கும் விலையைப் பழைய நிறுவனமும் கொடுத்தால், ஆட்டக்காரர் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். பெக்கம் நைக்கி மீது போட்ட வழக்கின் வேர் இதுதான். அடிடாஸ் தந்த விலைக்கு நைக்கி ஈடுகொடுத்துத் தன்னைப் பிடித்துவைத்தது, பின்பு அது தந்த பொருள்களில் தான் மாற்றம் செய்ததாகக் குற்றம்சாட்டிப் பணத்தைப் பிடித்துக்கொண்டது என்பது பெக்கம் தரப்பு. ஈடுகட்டும் நிறுவனம் தொகையை மட்டும் ஈடுகட்டினால் போதுமா, எல்லா நிபந்தனைகளையும் ஈடுகட்ட வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

அப்புறம் காயம். ஒரு சீசன் ஆடாவிட்டால் எவ்வளவு குறைப்பார்கள் என்பதற்கும் ஒரு வரி இருக்கும். 2022 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் டச்டவுன் போட்ட பெக்கம், அதே ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. நைக்கி மீதான வழக்கு அந்த ஆண்டு நவம்பரில் பதிவானபோது அவருக்கு அணியே இல்லை.