துணைப்பாடம்தானே என்று விடாதீர்கள்: வேதியியலை ஆய்வகத்திலிருந்து தொடங்குங்கள்

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேலத்தில் கல்லூரிக்கு வந்து போனவள் நான். தாவரவியல் முதன்மைப் பாடம், வேதியியல் துணைப்பாடம். முதல் செமஸ்டரில் எனக்கு அரியர் விழுந்தது துணைப்பாடத்தில் மட்டும்தான். கடைசி மாதம் படித்தால் போதும் என்று மூத்த மாணவிகள் சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன். இப்போது அம்மாபேட்டையில் துணைப்பாட மாணவர்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் அன்று நான் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள்.

முதல் வாரத்திலேயே, கரைசலைத் துளித்துளியாக விடும் அளவுக்குழாயான பியூரெட்டைக் கையில் எடுங்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் தொடங்கி அணு அமைப்பில் சிக்கிக்கொள்வதைவிட இதுவே நல்லது. ஒரு கரைசலை இன்னொன்றோடு வினைபுரியவிட்டு அதன் செறிவைக் கண்டறியும் தரம்பார்த்தலை (டைட்ரேஷன்) முழுதாகப் புரிந்துகொண்டால், செறிவைக் குறிக்கும் நார்மாலிட்டி, ஆக்சிஜனேற்றம், வினைவேகம் எல்லாம் அதன் வழியே வந்துவிடும்.

ஆக்சாலிக் அமிலம், பெர்மாங்கனேட் சோதனையையே எடுத்துக்கொள்வோம். பியூரெட்டைத் தண்ணீரில் கழுவியபின், அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே ஒருமுறை அலசுங்கள். குறித்த அளவு கரைசலை எடுத்து ஊற்றும் பிப்பெட்டுக்கும் அப்படியே. கூம்புக் குடுவைக்கு மட்டும் வாலை வடிநீர் போதும். அதையும் கரைசலால் அலசினால், சுவரில் ஒட்டிய துளிகளும் கணக்கில் ஏறிவிடும். பிப்பெட்டின் நுனியில் மிஞ்சும் கடைசித் துளியை ஊதித் தள்ளாதீர்கள். குடுவையின் சுவரில் நுனியைத் தொட்டு எடுத்தால் போதும், அந்தத் துளியைக் கணக்கில் சேர்க்காமல்தான் பிப்பெட்டில் அளவுக்கோடு போட்டிருக்கிறார்கள்.

20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்துடன் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 60, 70 டிகிரி வரை சூடாக்குங்கள். பெர்மாங்கனேட்டின் முதல் துளி விழுந்ததும் இளஞ்சிவப்பு உடனே மறையாது, சில நொடிகள் தயங்கி நிற்கும். அதுவே வினை முடிந்ததைக் காட்டும் முடிவுநிலை என்று எண்ணிப் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பொறுத்திருந்து குடுவையைச் சுழற்றுங்கள். வினையில் உருவாகும் மாங்கனீசு அயனியே வினையூக்கியாக மாறுவதால், அடுத்தடுத்த துளிகள் விழுந்த வேகத்தில் மறையும். கடைசியில் ஒரே துளியில் வெளிர் இளஞ்சிவப்பு வந்து அரை நிமிடம் நின்றால் அதுதான் முடிவுநிலை. பழுப்பாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை என்று பொருள், கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். பெர்மாங்கனேட்டின் நிறம் அடர்த்தியானது, கரைசலின் வளைந்த மேற்பரப்பின் அடிப்பகுதியான கீழ்ப்பிறை தெரியாது. ஆகவே மேல்மட்டத்தைப் பார்த்து அளவெடுக்க வேண்டும். இதைச் செய்து பார்த்தவருக்குத் தன்வினையூக்கம் (வினையில் உருவாகும் பொருளே வினையூக்கியாவது) பற்றிய கேள்வி தனிப் பாடமாகத் தெரியாது.

அடுத்து, நீங்கள் ஏற்கெனவே அறிந்ததோடு பாடத்தைக் கட்டுங்கள். என் அப்பா காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மழைக்கு முன் இலைத்துரு நோய்க்காகப் போர்டோ கலவை தெளிப்பார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு. தனித்தனியாகக் கரைத்துக் கலந்தபின், அப்பா கவாத்துக் கத்தியைத் துடைத்துக் கலவையில் முக்கி வைப்பார். வெளியே எடுக்கும்போது அலகில் செம்பு நிறம் படிந்திருந்தால், "இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடும்மா" என்பார். அப்படியே தெளித்தால் இலை கருகிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

மின்வேதியியல் பாடத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் அந்தக் கத்தி எனக்குப் புரிந்தது. சுண்ணாம்பால் கட்டுப்படாமல் மிஞ்சிய செம்பு அயனி இரும்பிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு உலோகமாகப் படிகிறது. எலக்ட்ரானை வாங்கும் போக்கைக் காட்டும் நியம மின்முனை அழுத்தம் செம்புக்கு +0.34 வோல்ட், இரும்புக்கு −0.44 வோல்ட். முதல் செமஸ்டரில் மனப்பாடம் செய்து மறந்துபோன எண்கள் அவை. அதற்குப் பிறகு மறக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு நைட்ரிக் அமிலத்தின் பழுப்புப் புகையை யாரும் விளக்க வேண்டியதில்லை. மோல் கணக்கு புரியாதவர்களிடம் நான் சேலத்து வெள்ளைக்கல்லைக் காட்டுகிறேன். அது மக்னீசியம் கார்பனேட். தூய கல் 84 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும், 40 கிலோ மக்னீசியா மிஞ்சும். உலைச் செங்கல்லுக்குப் போவது அந்த மக்னீசியாதான். கிலோவைக் கிராமாக மாற்றுங்கள், அதுதான் ஒரு மோல்.

இயற்பியல் மாணவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. வெப்ப இயக்கவியலை முன்பே படித்துவிட்டோம் என்று தாண்டிவிடாதீர்கள். இயற்பியலில் அமைப்பு செய்யும் வேலையை நேர்க்குறியாக எடுத்து, வெப்பத்திலிருந்து கழிப்பீர்கள். வேதியியல் நூல்களில் அமைப்பின் மீது செய்யப்படும் வேலைதான் நேர்க்குறி, ஆகவே கூட்டுவார்கள். விதி ஒன்றுதான், ஆனால் குறி மாறினால் கணக்கு முழுதும் தவறிவிடும். விலங்கியல் மாணவர்கள், அமில கார அளவான பிஹெச்சை அதிகம் மாறவிடாத தாங்கல் கரைசலை இரத்தத்திலிருந்து தொடங்கலாம். பைகார்பனேட் அதன் பிஹெச்சை 7.4-க்கு அருகில் எப்படிப் பிடித்து வைக்கிறது என்று கேட்டால் சமன்பாடு தானாக வரும்.

கொடுத்த கரிமப் பொருள் எது என்று கண்டறியும் கரிமப் பகுப்பாய்வுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோதனைகளின் வரிசையை மாற்றாதீர்கள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பொருள் இன்னதென்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, சர்க்கரை வகைப் பொருளுக்கான மாலிஷ் சோதனையில் வராத ஊதா வளையத்தை வந்ததாக எழுதுவது பெரிய பிழை. அந்தச் சோதனையில் அடர் கந்தக அமிலத்தைச் சோதனைக்குழாயின் சுவரோரமாக மெல்ல இறக்குங்கள், குலுக்காதீர்கள். வளையம் இரு படலங்கள் சந்திக்கும் இடத்தில்தான் தெரியும்.

பஸ்ஸில் சமன்பாடு படிக்காதீர்கள், மலைப்பாதையில் தலைசுற்றும். அன்றைய சோதனையை மனதில் முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள், எந்தப் படியில் தடுமாறுகிறீர்களோ அதை வீட்டுக்குப் போனதும் எடுத்துப் படியுங்கள். அப்சர்வேஷன் நோட்டில் பியூரெட் அளவுகளைப் பேனாவால் எழுதி, ரெக்கார்டு நோட்டில் அந்த வாரத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.