சமரசம் பேசப் போகும் இளம் சட்டத்தரணிகளுக்கு

யாழ்ப்பாணத்துக் காணிப் பிணக்குகள் எத்தனையோ நீதிமன்ற விறாந்தையிலேயே பேசித் தீர்கின்றன. உங்கள் கட்சிக்காரர் எவ்வளவு வரை இறங்கி வருவார் என்பதை நீங்கள் சொல்லத் தேவையில்லை; ஆனால் 'ஒரு பரப்புக் காணிக்கு இதைவிடக் கூடத் தர கனடாவில் ஒரு ஆள் நிற்கிறார்' என்று இல்லாத ஆளைக் காட்டினால் அது பேரம் இல்லை, பொய். மற்றப் பக்கம் சொல்லும் தொகை உங்களுக்குச் சிரிப்பாகவே இருந்தாலும் அன்றைக்கே கட்சிக்காரரிடம் சொல்லிவிடுங்கள், ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். எதிர்த்தரப்புக்குச் சட்டத்தரணி இருந்தால் அவரைத் தாண்டி வீட்டுக்குப் போய்ப் பேசுவதும் சரியில்லை, சொந்தக்காரராக இருந்தாலும்தான் (இங்கே யார்தான் சொந்தமில்லை!). பிறகு, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபையில் கட்சிக்காரருக்காக நீங்கள் தோன்ற முடியாது; அதனால் காணி உறுதியையும் நில அளவைப் படத்தையும் முதலே விளக்கிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.