தலை வடிவம் மாறிப் பிறந்த குழந்தையின் அறிவு வளர்ச்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலையின் வடிவத்தைப் பார்த்தே குழந்தையின் அறிவை முடிவு செய்துவிடுவதுதான் முதல் தவறு. மண்டையோட்டு எலும்புகளின் இணைப்புகள் உரிய காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொள்ளும் நிலை ஏறக்குறைய 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு ஏற்படுகிறது. ஓர் இணைப்பு மட்டும் ஒட்டிய குழந்தைகளில் பெரும்பாலோரின் அறிவுத்திறன் இயல்பான அளவிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, "இவனுக்கு எதுவும் ஏறாது" என்று உறவினர் சொல்வதைக் கேட்டுப் பேச்சையும் விளையாட்டையும் குறைத்துக்கொள்வது குழந்தைக்கு நாமே இழைக்கும் தீங்கு.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒட்டிய இணைப்பைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை முடிந்து தலை அழகாகிவிட்டதும் மருத்துவரிடம் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். பேச்சு, கவனம், வாசிப்பு ஆகியவற்றில் இக்குழந்தைகளுக்கு மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகச் சிக்கல்கள் காணப்படுகின்றன. அவற்றில் பல, பள்ளியில் எழுதப் படிக்கத் தொடங்கிய பிறகே வெளிப்படுகின்றன. இணைப்புகள் முன்பே ஒட்டிக்கொள்ளும் ஏப்பர்ட், குரூசோன் போன்ற மரபணு சார்ந்த நிலைகளில் காது கேளாமை, பார்வைக் குறை, உறக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவையும் சேர்ந்து வரலாம். சரியாகக் கேட்காத குழந்தை பேசத் தாமதிப்பதை மந்தபுத்தி என்று கருதிவிடுவது எனக்கு மிகுந்த வேதனை தருவது. ஏனெனில் செவிப் பரிசோதனை செய்திருந்தால் காரணம் அப்போதே தெரிந்திருக்கும்.

குளிப்பாட்டும்போது தலையை உருவி அழுத்தினால் உருண்டையாகிவிடும் என்று காத்திருப்பது காலத்தை வீணாக்கும். ஒட்டிய இணைப்பை எந்த உருவலும் பிரிக்காது. சிறிய கீறல் வழியாகக் கருவி செலுத்திச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு மூன்று, நான்கு மாத வயதே ஏற்றது என்பதால், தாமதித்தால் அந்த வாய்ப்பே கைநழுவிப் போகலாம்.

ஒரே பக்கம் படுத்ததால் தலை சப்பையாவது வேறு. அதற்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. அதற்காகக் குழந்தையைக் குப்புறத் தூங்க வைக்கக் கூடாது, ஏனெனில் மல்லாந்து உறங்குவதே திடீர் மரண ஆபத்தைக் குறைக்கிறது. விழித்திருக்கும் நேரத்தில், பெரியவர் அருகிலிருந்து, குப்புறப் படுக்கவைத்து விளையாட்டுக் காட்டலாம். இக்குழந்தைகளில் சிலருக்குக் கழுத்து இறுக்கமும் உடல் அசைவுகளில் தாமதமும் இருப்பதுண்டு. சப்பைத் தலையே அத்தாமதத்துக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை. அசைவு குறைந்த குழந்தை ஒரே பக்கம் கிடப்பதால்கூடத் தலை சப்பையாகலாம். ஆகவே தலை வடிவத்தைத் திருத்த அணிவிக்கும் தலைக்கவசம் வாங்குவது பற்றி யோசிக்கும் முன், கழுத்து நிற்பதும் குப்புற விழுவதும் உட்காருவதும் உரிய மாதங்களில் நடக்கின்றனவா என்பதைக் குழந்தை மருத்துவரிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.