தெரிந்த மரபணுவுக்கு அப்பால் வாசிப்பது எப்படி? இன்வர்ஸ் பிசிஆர் செய்முறை

மட்டக்களப்பு வாவியின் கண்டல் சேற்றிலிருந்து ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உப்பைத் தாங்க உதவும் மரபணு ஒன்றில் 600 டிஎன்ஏ எழுத்துகள் (காரங்கள்) தெரியும். அதை இயக்கும் பகுதியோ முன்னால், வாசிக்கப்படாத டிஎன்ஏயில் இருக்கிறது. டிஎன்ஏயின் ஒரு பகுதியைப் பல மடங்கு நகலெடுக்கும் சாதாரண பிசிஆருக்கு, அப்பகுதியின் இரு முனைகளும் தெரிய வேண்டும். இங்கே கைகொடுப்பது 1988இல் ஒக்மன், கெர்பர், ஹார்ட்ல் ஆகியோர் விவரித்த இன்வர்ஸ் பிசிஆர். வந்தாறுமூலை, சம்மாந்துறை பல்கலைக்கழக வளாகங்களில் ஆய்வு தொடங்கும் மாணவருக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன்; டிஎன்ஏயைக் குறித்த எழுத்து வரிசையில் வெட்டும் நொதியம், முனைகளை ஒட்டும் லிகேஸ் நொதியம், பிசிஆர் இயந்திரம் இருந்தால் போதும்.

படி 1: தூய டிஎன்ஏயை எடுத்து, தெரிந்த பகுதிக்குள் வெட்டாத நொதியத்தால் வெட்டுங்கள். ஹின்ட் த்ரீ போன்ற ஆறெழுத்து நொதியம் சராசரியாக 4096 எழுத்துகளுக்கு ஒருமுறை வெட்டும். பிறகு சூடாக்கி நொதியத்தைச் செயலிழக்கச் செய்யுங்கள்.

படி 2: வெட்டிய டிஎன்ஏயை நன்றாக நீர்க்கச் செய்து, டி4 லிகேஸ் சேர்த்து, 16 பாகை செல்சியஸில் இரவு முழுவதும் வையுங்கள். செறிவு கூடினால் ஒரு துண்டு அயல் துண்டோடு ஒட்டிக்கொள்ளும். நீர்த்த கரைசலில் அதன் இரு முனைகளும் தமக்குள்ளேயே சேர்ந்து வளையமாகும். இந்தப் படியில் சிக்கனம் பார்க்காதீர்கள். கரைசலின் கனவளவு பெரிதாகவே இருக்கட்டும்.

படி 3: பிரைமர்கள், அதாவது பிசிஆரில் நகலெடுப்பைத் தொடக்கிவைக்கும் குறுகிய டிஎன்ஏ இழைகள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. வழமையான பிரைமர்கள் ஒன்றையொன்று நோக்கும். இவை தெரிந்த பகுதியிலிருந்து வெளிப்புறம் நோக்க வேண்டும். நேரான டிஎன்ஏயில் அவை எதிரெதிர் திசையில் விலகிப் போகும். வளையத்திலோ, தெரியாத பகுதியைச் சுற்றி வந்து சந்திக்கும். வளையத்தைத் தாளில் வரைந்து, அம்புக்குறிகளை இட்டுப் பார்த்த பிறகே பிரைமர்களுக்கு ஆர்டர் கொடுங்கள்.

படி 4: பிசிஆர் செய்து, டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டுங்கள். லிகேஸ் சேர்க்காத, வெட்டிய டிஎன்ஏயிலும் அதே பிசிஆரைச் செய்து பக்கத்தில் ஓட்ட வேண்டும். அதிலும் அதே பட்டை தெரிந்தால் அந்த விளைவை நம்பாதீர்கள்.

படி 5: பட்டையை வெட்டியெடுத்து, தூய்மையாக்கி, வரிசையை வாசியுங்கள். வரிசையின் நடுவே ஏஏஜிசிடிடி என்ற ஹின்ட் த்ரீயின் வெட்டுமிடத்தைத் தேடுங்கள். அதற்கு ஒரு பக்கம் இருப்பது மரபணுவின் வலப்புறம். மறுபக்கம் இருப்பது இடப்புறம். வளையத்தில் அடுத்தடுத்து நிற்கும் இவை குரோமோசோமில் மரபணுவின் இரு பக்கங்களிலும் பிரிந்து கிடப்பவை. எனவே அந்த இடத்தில் பிரித்து, உரிய பக்கத்தில் பொருத்துங்கள்.

படி 6: புதிய இரு பகுதிகளிலும் உள்நோக்கிய பிரைமர்களை அமைத்து, வெட்டாத மூல டிஎன்ஏயில் சாதாரண பிசிஆர் செய்யுங்கள். கணக்கிட்ட நீளத்தில் ஒரே பட்டை வந்து, அதன் வரிசையும் பொருந்தினால், உங்கள் இணைப்பு சரி.